ரிப்பன் கட்டிய ஊசிமருந்து

மனிதகுலம் இதுவரை கண்ட பாத்திரங்களிலேயே உன்னதமானது, மருந்தை உள்ளே அடைத்துவைக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு நுண்துகள்தான் என்று புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் மேடைதோறும் முழங்குவார். முழக்கம் அவருடையது; துகள் விஞ்ஞானி அம்மாளுடையது.

அவள் செய்தது லேசுப்பட்ட காரியமல்ல. புற்றுக்கட்டியைப் பக்கத்தில் நின்று பொசுக்கும் ஆல்ஃபா கதிர் மருந்து அது. கதிரை விடும் அணு, விட்ட வேகத்திலேயே வேறொரு அணுவாக மாறித் துள்ளி ஓடும். அதுவும் கதிர் விடும். இந்த ஓடுகாலி வாரிசுகள் சிறுநீரகத்தில் போய்க் குடியேறினால் மனுஷன் தொலைந்தான். தாய் அணுவையும் வாரிசுகளையும் ஒரே துகளுக்குள் அடைத்துவைக்க அவள் படாத பாடு பட்டாள். முதல் ஊசி மாடி வார்டிலிருந்த பஸ் டிரைவருக்கு என்று முடிவானது. மற்ற வைத்தியமெல்லாம் கைவிட்ட கேஸ்.

அங்கேதான் நிர்வாகம் தன் மேதைமையைக் காட்டியது. மந்திரி வந்து ‘திறந்துவைக்காமல்’ ஊசி போடுவதாவது! மருந்திருந்த ஈயப் பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, அறையைப் பூட்டி, சாவியை இயக்குநர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மந்திரியின் தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

“சார், இது பத்து நாளைக்கு ஒரு தடவை பாதியாயிடும். அடுத்த சரக்கு லேசுல கிடைக்காது.”

“பாதி இருக்குல்ல? அப்புறம் என்னம்மா?”

“அதுவும் பாதியாகும் சார்.”

“அப்ப எப்பவும் ஒரு பாதி மிச்சம் இருக்கும்னு நீங்களே சொல்றீங்க! நம்ம புதுக் கட்டடம் திறக்காம மூணு வருஷம் கெடந்துச்சே, கரைஞ்சா போச்சு?”

மாடியில் டிரைவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்பம்மா போடுவீங்க?”

“அவங்களைப் படுத்தாதே. வண்டி லேட்டாகும், வராமப் போகாது,” என்று சிரித்தார் டிரைவர்.

விஞ்ஞானி அம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். வேலை போய்விடுமே என்று பயந்து, இயக்குநரிடம் இன்னொரு கூட்டத்துக்கு நேரம் கேட்டாள்.

மாதங்கள் கழித்து ஒருவழியாக மந்திரி வந்து ரிப்பனை வெட்டினார். இயக்குநர் பெட்டியைத் திறந்து, கதிர் அளக்கும் கருவியை மருந்துக் குப்பியின் பக்கத்தில் பிடித்தார். கருவி மூச்சுவிடவில்லை.

“பாருங்க, துளி கசிவு கிடையாது!”

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. அவள் அவர் காதோடு சொன்னாள். “உள்ளயும் ஒண்ணும் இல்ல சார்.”

“மெதுவாப் பேசுங்க. பேஷண்ட் எங்க?”

“முந்தாநாள் செத்துப்போயிட்டார்.”

“விழாவை வெச்சுக்கிட்டா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவரு!”

பிறகு மைக்கைப் பிடித்து, இம்மருந்தால் இன்றுவரை ஒரு நோயாளிக்கும் பக்கவிளைவு ஏற்பட்டதில்லை என்று பெருமிதத்தோடு அறிவித்தார். அதில் எள்ளளவும் பொய்யில்லை.

துகளுக்கு அன்றே விருதும் கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால் அது நிர்வாகத்துக்குப் போயிருக்க வேண்டும். துகளிலிருந்து ஒன்றிரண்டு அணுவாவது தப்பிவிடும் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். நிர்வாகமோ, மருந்தானாலும் மனுஷனானாலும், உள்ளே வந்ததை உயிரோடு வெளியே விடவில்லை.