சித்தப்பாவின் குரலில் ஒரு குரங்கு

கம்ப்யூட்டர் ஏதாவது கேள்வி கேட்டால், புரிகிறதோ இல்லையோ, ‘ஓகே’யை அமுக்கிவிடுகிற ரகம் நான். இப்போது அப்படி அமுக்கினால் போனால் போகிறது, எவனாவது தினமும் கடன் வேண்டுமா என்று கூப்பிடுவான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அமுக்கியதில் என் சித்தப்பாவின் கல்யாணம் நின்றுபோனது.

அருள்தாஸ் சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டினார். நாற்பதை நெருங்கியும் பெண் அமையவில்லை. குறை சித்தப்பாவிடம் இல்லை, போட்டோவில்தான். நேரில் பார்த்தால் அவர் சிரித்த முகம். கேமராவைக் கண்டால் மட்டும் இரண்டு புருவமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். யாரையோ வெட்டிவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். மூன்று வரன்கள் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது வீட்டார் கவருக்குள் ஒரு ஜெப அட்டையும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

நான் அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு டாக்குமெண்டரி எடுத்துக் கொடுக்க வேண்டும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் ஒரு மனிதரின் ஒரு நாள் என்று தலைப்பு வைத்தேன். (சித்தப்பா காசு கேட்க மாட்டார் என்பது கலை சார்ந்த காரணங்களில் முதலாவது.)

“கண்ணு, நீ படிச்சவ. இந்தச் சித்தப்பன மனுசனாட்டம் காட்டிப்போடு, அது போதும்” என்றார் அவர்.

காட்டினேன். சத்தியமாக நன்றாகத்தான் எடுத்தேன். சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் அண்ணன் கேமராவையும் இரண்டு டேப்பையும் கொடுத்தார். ஒரே வாரத்தில் திருப்பிவிட வேண்டும், அவற்றின் மேலேயே அவர் அடுத்த கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்வார் என்பது ஒப்பந்தம். நான் ஜீப்பில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். வளைவுகளைக் கவனித்ததில் சித்தப்பா கேமராவை மறந்துவிட்டார். புருவம் பிரிந்தது. பேசினார், சிரித்தார். முதல் டேப் முழுக்க அவர்தான். இரண்டாவது டேப்பில், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவைத்தேன்: குரங்கு, பன்றி, வழியில் நின்றுபோன ஒரு ஜீப்பை ஆளுக்கொரு பக்கம் தள்ளுகிற கூட்டம்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து லில்லி டீச்சரின் வரன் வந்தது. அவருடைய அப்பாவுக்குக் குணம்தான் முக்கியமாம். எங்கள் அப்பா விடுவாரா? “போட்டோ எதுக்குங்க? என்ற மவ படமே எடுத்திருக்கறா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு சர்ச் ஹால்ல போடறோம். குடும்பத்தோட வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

இனி கம்ப்யூட்டர்.

அதுவரை எங்கள் கல்லூரியில் இரண்டு டெக்கை வைத்துத்தான் எடிட்டிங். ஒன்றில் மூல டேப் ஓடும், வேண்டியது மற்றதில் பதிவாகும். பதிவாகிவிட்டால் மூலத்தைத் தூக்கி எறிந்தாலும் கவலையில்லை. அந்த வருடம் புதிதாகக் கம்ப்யூட்டரும் எடிட்டிங் மென்பொருளும் வந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் போக வேண்டும். லேப் பொறுப்பாளர் எல்லாவற்றையும் ஒரே ஒரு முறை ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மேனுவலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், அழுக்காகிவிடுமாம்.

இரண்டு டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, தட்டுத் தடுமாறிப் படத்தைக் கோத்துவிட்டேன். சத்தத்தைத் திருத்த வசதியாக சித்தப்பாவின் குரலைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து வேறு இடத்தில் வைத்திருந்தேன். முதல் டேப்பின் காட்சிகளுக்கு ஒரு ஃபோல்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர். இரண்டாவது டேப்பின் காட்சிகளுக்கும் வேறொரு ஃபோல்டரில் ஒன்று, இரண்டு, மூன்று. (என் கற்பனை வளம் அவ்வளவுதான்.) டேப்புகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை மதியம் கேசட்டில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது கம்ப்யூட்டர், இடம் போதவில்லை என்றது.

இங்கேதான் என் வளர்ப்பு வேலை செய்தது. அப்பா ஒரு எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்துக்கு மேஸ்திரி. காய்ந்த காப்பி மூட்டைக்குப் போன அடுத்த நிமிடம் களத்தைக் கூட்டியாக வேண்டும். பழைய கொட்டை ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். யோசித்தேன். சித்தப்பாவின் காட்சிகள்தான் படத்துக்குள் போய்விட்டனவே, மூட்டை கட்டியாயிற்று, இனிக் களத்தில் எதற்கு? குரங்கும் பன்றியும் இன்னும் படத்துக்குள் போகவில்லை, அவை இருக்கட்டும். முதல் ஃபோல்டரை அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஓகே.

ஐயோ, அந்த மென்பொருளில் மூட்டை என்று ஒன்று கிடையாது. படம் என்று நான் கோத்து வைத்தது வெறும் குறிப்புச்சீட்டு. காட்சிகள் அந்தந்தக் கோப்பில்தான் இருந்தன. இது தெரியாமல் நான் காப்பியைக் குப்பையில் போட்டுவிட்டுத் தோலைப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

அழித்த பிறகும்கூட எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. திரை கறுத்தது. ‘ஒன்று எங்கே?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். தேடினேன், இரண்டாவது ஃபோல்டரில் ஒரு ‘ஒன்று’ இருந்தது. காட்டினேன். ஓகே. ‘இரண்டு எங்கே?’ இதோ. ஓகே. கேட்டதையெல்லாம் கொடுத்தேன், கறுப்பு போய்ப் படத்தின் தலைப்பு வந்து நின்றது. என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை. கேசட்டில் பதிவைத் தட்டிவிட்டு, அது ஓடுகிற பன்னிரண்டு நிமிடத்தில், உட்கார்ந்து பார்க்காமல், தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எஸ்டேட் ஆபீசுக்கு போன் போட்டேன்.

“அப்பா, சித்தப்பா நொம்ப அழகா வந்திருக்காரு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹால் நிறைந்துவிட்டது. சித்தப்பா புதுச் சட்டை. லில்லி டீச்சர் முதல் வரிசையில், அப்பா அம்மாவுக்கு நடுவில். கேசட்டைப் போட்டேன். தலைப்பு வந்தது, என் பெயர் வந்தது. சித்தப்பாவின் குரல் கணீரென்று கேட்டது.

“எனக்கு நொம்பப் பொறுமைங்க. யாரு திட்டுனாலும் பதில் பேச மாட்டேன்.”

திரையில் ஒரு குரங்கு. யாரோ ஒரு அம்மாவின் கைப்பையைப் பிடித்து இழுத்தபடி, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சீறியது.

“காலைல குளிச்சுப்போட்டு, சர்ச்சுல தலையக் காட்டிட்டுத்தானுங்க வண்டியத் தொடுவேன்.”

பன்றி. சேற்றில். திரும்பிப் படுத்தது.

“குடும்பம்னு ஒண்ணு அமைஞ்சா, அலுங்காம குலுங்காம கொண்டுபோயிருவேனுங்க.”

எட்டுப் பேர் ஜீப்பைத் தள்ளினார்கள்.

ஹால் வெடித்தது. பெஞ்சிலிருந்து ஒருவர் கீழே விழுந்தார். பங்குச் சாமியார்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். டிவியை நிறுத்தலாம் என்ற யோசனைகூட எனக்கு வரவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட சித்தப்பாவின் முகம் வரவில்லை.

படம் முடிந்ததும் லில்லி டீச்சரின் அப்பா எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. “ஏம்மா, இது தெரியாம நடந்ததா, வேணும்னே பண்ணுனதா?” என்று நேராக என்னைக் கேட்டார்.

உண்மை சொல்ல அரை நிமிடம் போதும். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியவில்லைங்க, நல்ல படத்தை அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர்களும் சிரித்துவிட்டுக் காப்பி குடித்திருப்பார்கள். ஆனால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மலையிலிருந்து படம் எடுக்கப் படிக்கப்போன முதல் பெண் நான். தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“வேணும்னுதாங்க. இது ஒரு புது பாணி” என்றேன்.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. ஒரு கணம்தான். பிறகு எழுந்து, “ஆமாங்க, நாந்தான் அப்படி வெக்கச் சொன்னேன். சும்மா தமாசுக்கு” என்றார். தமாஷுக்காகத் தன்னையே பன்றியாக்கிக்கொள்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று டீச்சரின் அப்பா முடிவு செய்துவிட்டார். மூன்று மணி பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டார்கள்.

கல்லூரியில் அந்தப் படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. துணிச்சலான முயற்சி என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. வெட்கக்கேடு.

நாலு வருடம் கழித்து, கிளியூர் கிளாரா சித்தி சித்தப்பாவை நேரிலேயே பார்த்துக் கட்டிக்கொண்டார். அந்தக் கதை மட்டும் ஓயவில்லை. யாராவது “பொறுமை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் குடும்பத்தில் பொடிசு முதல் பெரிசு வரை பல்லைக் காட்டிச் சீறும்.

போன மாதம் சித்தப்பாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுப் பந்தியில் கதை மறுபடி வந்தது. புதுச் சம்பந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “அது வேணும்னு பண்ணுனது இல்லீங்க. எனக்கு மிஷின் ஓட்டத் தெரியல. சித்தப்பாவோட நல்ல படத்தையெல்லாம் நாந்தான் அழிச்சேன். எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன்” என்றேன்.

“போக்கா, நல்லா இருக்கற கதையக் கெடுக்காத” என்று கத்தினாள் கல்யாணப் பெண். பந்தியே சிரித்தது.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எனக்கு அன்னிக்கே தெரியுங் கண்ணு, நீ வேணும்னு பண்ண மாட்டீன்னு. இப்ப எந்திரிச்சுச் சொன்னத அன்னிக்குச் சொல்லியிருக்கலாமில்ல?” என்றார், கோபமே இல்லாமல்.

அதற்குள் கிளாரா சித்தி பாயசத்தோடு வருவதைப் பார்த்துவிட்டு, சித்தப்பா சட்டென்று சம்பந்தி பக்கம் திரும்பி, “அது நாந்தானுங்க வெக்கச் சொன்னேன்” என்று மறுபடி ஆரம்பித்தார்.