நுரையண்ணை வீட்டு அப்பம்

சிட்னித் தமிழர்களைக் குடிப்பழக்கத்திலிருந்து மீட்ட பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் டூங்கபியில் தன் வீட்டுக் கராஜில் பீர் காய்ச்சியவர்.

சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் நுரையண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். கிளாஸில் இரண்டு விரல் நுரை நிற்க வேண்டும், அது தானாக அடங்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது. சனிக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்தால் நமக்குத் தாகம் அடங்கிவிடும், நுரை அடங்காது. ஐஸ் கேட்டால் முறைப்பார். லெமனேட் கலக்கலாமா என்று கேட்ட ஒருவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மிக்சருக்கும் தடை.

"உறைப்புத் திண்ட நாக்கு செத்த நாக்கு. பிறகு என்னத்தை ருசிக்கிறது?"

இவ்வளவு கெடுபிடிக்கும் பிறகு வாய்க்கு வருவது வேப்பிலைக் கஷாயம். ஹாப்ஸ் என்று ஒரு பூ, அதுதான் கசப்பு. மனுஷர் தாராள மனசுக்காரர், அள்ளி அள்ளிப் போடுவார்.

"எப்பிடி?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

"பிரமாதம் அண்ணே."

"பொய் சொல்லாதையும். என்ன வாசம் வருது, சொல்லும் பாப்பம்."

ஆரஞ்சுத் தோல் என்போம், மாம்பழம் என்போம். மாட்டிக்கொண்ட ஒருவன் சாம்பிராணி என்றான். அண்ணையின் முகம் வாடிவிடும். தன் பீரின் வாசத்தை ஒரே ஒரு ஆளாவது கண்டுபிடித்துச் சொல்லிவிட மாட்டானா என்று அவர் ஏங்கியதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அப்புறம் ஏன் வாராவாரம் போனோம்? இரண்டாவது கிளாஸ் முடிகிற நேரத்துக்கு அவர் மனைவி செல்வி அக்கா குசினியிலிருந்து அப்பம் கொண்டுவருவார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக. புளித்த மாவோடு சேர்ந்து பழவாசனை மாதிரி ஒன்று வரும். அது என்னவென்று யோசிக்க எங்களுக்கு எங்கே நேரம், கை நிற்காமல் தின்றோம்.

ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த என் மச்சினன் கார்த்தியை அழைத்துப் போனேன். மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற பிள்ளை. அண்ணை வழக்கம்போல "எப்பிடி?" என்றார்.

"பரவால்லைங்கண்ணா. அப்பம் வர்ற வரைக்கும் ஓட்டலாம்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணை கார்த்தியின் கிளாஸில் நுரை அடங்கக் காத்திருந்து, மீதியையும் ஊற்றி நிரப்பினார்.

அடுத்த சனிக்கிழமை கராஜ் பூட்டியிருந்தது. அதற்கடுத்ததும். பாத்திரம், பீப்பாய் எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கொஞ்ச நாளில், இருவரும் மெல்பர்னில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று.

கிளம்புமுன் செல்வி அக்கா கடைசியாக ஒருமுறை அப்பத்துக்குக் கூப்பிட்டார். பிய்த்து வாயில் போட்டால் வெறும் மாவு, அந்த வாசம் மட்டும் இல்லை. என் மனைவி குசினிக்குள் போய் மெதுவாக விசாரித்தாள்.

"ஊரிலை கள்ளு விட்டுத்தானே அப்பமாவு புளிக்க வைக்கிறது. இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? இவரின்ரை பியர்ப் பீப்பாயிலை அடியிலை மண்டி கிடக்கும், அதைத்தான் விட்டனான். இவருக்குச் சொல்லிப்போடாதைங்கோ, துள்ளுவார்."

காரில் அவள் இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் நாங்கள் சப்புக்கொட்டித் தின்றது அந்த மனுஷரின் பீரைத்தான்.

சமீபத்தில் வேலையாக மெல்பர்ன் போனவன், கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் போனேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நுரையண்ணை, ஆள் பாதியாகியிருந்தார். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அக்கா அப்பத்துல இருந்த வாசமே உங்க பீர்தானாம்."

"ஓம், தெரியும். அவ எடுக்கிறது தெரிஞ்சுதான் அடியிலை கொஞ்சம் கூடவே விடுறனான்."

"அப்புறம் ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

தட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "இவ்வளவு பேர் திண்டனீங்கள். ஆராவது ஒருத்தர் கண்டுபிடிப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி."

"மறுபடி காய்ச்சுங்கண்ணே."

"ஆருக்கு?" என்று கேட்டுவிட்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் கடை பீர்தான். கிளாஸில் இரண்டு விரல் நுரை விட்டு, அது அடங்குகிறவரை தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். கசப்புத்தான் போதவில்லை.