கறவையா, சினையா?

“பொம்பளையப் பத்திப் படிக்கதுக்கு பஸ் ஏறிப் போணுமாட்டி? அடுப்படிக்குப் போனா ஒங்கம்மா இருக்கா. பாத்துப் படிச்சிக்கிட வேண்டியதான?”

பல்கலைக்கழகத்தில் இதழியலும் கூடவே பெண்ணியல் பாடமும் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று சித்தப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் வெட்டப் போகிறவர். அம்மா நடவுக்குப் போகிறவள். இதழியல் என்றால் வீடு வீடாகப் பேப்பர் போடுவது என்று நினைத்து, “சைக்கிள் அவுகளே குடுப்பாவளா?” என்று அப்பா கேட்டார். (கொடுக்கவில்லை.) எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை சித்தப்பாவுடையது. அதையும் அன்றே சொல்லிவிட்டார்: “ஒரு பேப்பர் போச்சுன்னாலும் கங்கைகொண்டான் கம்பெனில வேலைக்குக் கொண்டு சேத்துருவேன்.”

கடைசி செமஸ்டரில் அந்த ஒரு பேப்பர் போகிற நிலைமை வந்தது. கிராமத்துப் பெண்களிடம் பேசிப் பதிவு செய்து, ஒலிக்கட்டுரையாகக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். நானோ சனிக்கிழமைவரை கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். ‘குடும்ப அமைப்பில் அதிகாரப் பகிர்வு குறித்த தங்கள் பார்வை யாது?’ என்பது முதல் கேள்வி. (மற்றவை இதைவிட மோசம்.) எங்கள் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே டீக்கடை வைத்திருக்கும் தூரத்து உறவுக்கார அண்ணாச்சிக்கு, பஸ் இரைச்சலுக்கு நடுவே போன் செய்தேன்.

“அண்ணாச்சி, நாளைக்குச் சாயங்காலம் யுனிவர்சிட்டில இருந்து பாலின ஆய்வுக்கு வாரேன். பொம்பளையளக் கொஞ்சம் வரச் சொல்லணும்.”

“தாராளமா வாங்கம்மா. கறவையில உள்ளது மட்டும் போதுமா, சினையா இருக்கதும் வரணுமா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. கைக்குழந்தைக்காரியையும் கர்ப்பிணியையும் ஒரு மனிதர் இப்படியா சொல்வார்? நோட்டை எடுத்து, ‘ஆணாதிக்க மொழி: எடுத்துக்காட்டு’ என்று குறித்துக்கொண்டேன்.

“எல்லாருந்தான் வரணும். யாரையும் ஒதுக்கக் கூடாது.”

“சரிம்மா. காளையளும் வரணுமா?”

“இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி.”

“அதுஞ்சரிதான். ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்கும்.”

அந்த ஊர் இளவட்டங்கள் இவ்வளவு மோசமா என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பவர் இல்லாத கண்ணாடி, கையில் மைக் என்று போய் இறங்கினேன். வாய்க்கால் கரையில் பெண்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு பசு. எல்லாம் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, என்னைவிட லட்சணமாக நின்றன. நான் சொன்ன ‘பாலினம்’ அண்ணாச்சியின் காதில் ‘பால் இனம்’ ஆகியிருந்தது. பால் மாடுகளைப் பார்க்க டாக்டரம்மா வருகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘டாக்டரம்மா’ என்று எங்கள் வம்சத்தில் யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நிமிடம் அனுபவிப்போமே என்று நின்றுவிட்டேன். அதற்குள் பேச்சியம்மாள் என்கிற அக்கா தன் செவலைப் பசுவை என் முன்னால் இழுத்து வந்துவிட்டாள்.

“முந்தாநாள்ல இருந்து வைக்கோலத் தொடமாட்டேங்கு டாக்டரம்மா. என்னான்னு பாருங்க.”

பார்த்தேன். பசுவும் என்னைப் பார்த்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைச் சரிசெய்தேன். அந்தச் சமயம் பார்த்து அது தலையை நீட்டி, என் கக்கத்தில் இருந்த கேள்வித்தாளை உருவி மெல்ல ஆரம்பித்தது. அதிகாரப் பகிர்வு முதலில் போயிற்று. மற்றவை பின்தொடர்ந்தன.

“ஏளா, தின்னுட்டுளா. டாக்டரம்மா கைராசிக்காரவ” என்றாள் ஒருத்தி. உடனே அடுத்த பசு முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் டாக்டர் இல்லக்கா. பேப்பர்ல எழுதுத படிப்பு படிக்கேன். பொம்பளையள வீட்ல எப்படி நடத்துதாவன்னு கேக்க வந்தேன். கேள்வியத்தான் ஒங்க மாடு தின்னுட்டு.”

அவர்கள் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. பேச்சியம்மாளுக்கு மட்டும் ஏமாற்றம்.

“அப்பம் கெடேரி ஊசி கொண்டாரலையா?”

தெரியாததைக் கேட்காமல் இருக்க எனக்கு வராது. (வீட்டில் பாதித் திட்டு இதற்குத்தான்.) “அது என்னக்கா ஊசி?”

“பொட்டக் கன்னா மட்டும் பொறக்கதுக்கு ஊசி இருக்காம்லா. காளைக்கன்னு என்னத்துக்கு ஆவும்?”

“கெடேரின்னா அவ்ளோ சந்தோசமா?”

“பின்ன? போன தடவ இது கெடேரி போட்டப்ப எங்க மாமியா தெரு பூரா கருப்பட்டிக் காப்பி குடுத்தா.” பேச்சியம்மாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். “நான் ரெண்டாவதும் பொட்டப்புள்ள பெத்தப்ப அவ ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிக்கல.”

மைக்கை அவள் பக்கம் திருப்பினேன். “இதப் பதிவு பண்ணட்டுமாக்கா?” என்று பைய கேட்டேன்.

“பண்ணு. எங்க மாமியா பேர மட்டும் போட்டுராத.”

“போடட்டுமே, அவளுக்கும் தெரியட்டும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். எந்தெந்த வீட்டில் கன்றுக்கு மஞ்சள் தடவினார்கள், எந்தெந்த வீட்டில் பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்கவே மறந்தார்கள் என்று கதை கதையாக வந்தது. என் கேள்வித்தாளில் மாட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

திங்கட்கிழமை அதைக் கேட்ட பேராசிரியை, “பின்னணியில் மாடு கொஞ்சம் அதிகம்” என்றார். பேப்பர் போகவில்லை. கங்கைகொண்டான் கம்பெனியும் தப்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீடு வந்து சேருமுன்பே அண்ணாச்சி போனில் கதையைக் கொண்டு சேர்த்திருந்தார். இன்றைக்கும் எனக்குப் பசியில்லை என்றால் அம்மா, “கேள்வித்தாள் ஏதும் வேணுமாட்டி?” என்கிறாள். சொந்தக்காரர் வீடுகளில் ஒரு மாடு தீனி எடுக்கவில்லை என்றால் முதல் போன் எனக்குத்தான். “கறவையா, சினையா?” என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

போன மாதம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். வீட்டில் பிறக்கும் பெண் பிள்ளையும் தொழுவத்தில் பிறக்கும் பெண் கன்றும்தான் பொருள். (இந்தத் தடவை டாக்டரம்மா என்று தாராளமாகக் கூப்பிடலாம்.) முதல் பேட்டிக்கு நான் ஆற்றைத் தாண்டவில்லை. சித்தப்பா வீட்டு மாடு சினையாக இருக்கிறது. அதற்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவர், “இந்தத் தடவயாவது கெடேரியாப் போட்டுரணும்” என்றார். இரண்டு மகள்களுக்குப் பிறகு பையன் பிறந்த அன்று மட்டும் ஊரைக் கூட்டி விருந்து வைத்தவர் அவர்.

ரெக்கார்டரை ஆன் செய்து அவர் முன்னால் நீட்டினேன். “ஏன் சித்தப்பா?”

முதலில் மாடுதான் கத்தியது. அதற்குப் பிறகு சித்தப்பா தவிட்டுத் தண்ணீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்த சத்தத்தையும் சேர்த்தே பதிவு செய்து வைத்திருக்கிறேன்.