எல்லாக் கட்டத்திலும் டிக்

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் எட்டு வயது மருமகளும் உடல் நலமே. மன நலத்தைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்லவில்லை. "வெளிநாடு போனா பொண்ணை அமெரிக்க முறைப் பள்ளியிலதான் போடணும் மாப்பிள்ளை" என்று சோபாவில் சாய்ந்தபடி நீங்கள் வழங்கிய தீர்ப்பைத் தினமும் காலை எட்டு மணிக்கு நன்றியுடன் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பள்ளி வாசலில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் ரோட்டைக் கடக்க நான் கார்களை மறித்துக்கொண்டிருப்பேன். சேர்க்கைப் படிவத்தோடு 'பெற்றோர் எதில் உதவலாம்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பதினாறு கட்டம். ஒன்றை விட்டாலும் சீட் போய்விடுமோ என்று நம் வழக்கப்படி பதினாறிலும் டிக் அடித்தேன். "சும்மா கேக்கிறதுதான், யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள் உங்கள் தங்கை. கூப்பிட்டார்கள். நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன், தோட்டத்தில் களை பிடுங்கினேன், நாடகத்தில் ஆள் குறைந்ததென்று ஒன்றரை மணி நேரம் மரமாக நின்றேன். துறைமுகத்தில் கிரேன் பார்க்கும் என் வேலையை ஒழிந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் போகட்டும் மச்சான். வீட்டுல வாய் ஓயாத பொண்ணு, ஸ்கூல்ல மூணு மாசமா ஒரு வார்த்தை பேசல. ஆசிரியையிடம் கேட்டால், "அவள் கவனித்துக்கொண்டிருக்கிறாள், அவசரமில்லை" என்று சிரிக்கிறார். மூணு மாசம் கவனிக்க அவ என்ன துப்பறியும் இலாகாவா? ரேங்க் கிடையாது, மார்க் கிடையாது, 'மலர்ந்துகொண்டிருக்கிறாள்' என்று ரிப்போர்ட் வருது. எனக்குப் பயமா இருக்கு. உங்க தெருக்கோடிப் பள்ளியில ஒரு சீட் வாங்கிடுங்க. அடுத்த மாசமே கொண்டுவந்து உங்க வீட்டுல விட்டுடறேன். உங்க தங்கை ரெண்டு நாளா அழறா. நான் மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. யோசனை சொன்ன தங்களுக்கு எதைச் சொல்வதென்று தெரியாததால், அதே வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்ட மாப்பிள்ளை

பி.கு.: சீட் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இன்று அவள் வகுப்பில் கதை வாசிக்கப் போனேன். அதுவும் ஒரு கட்டம். என் இங்கிலீஷைக் கேட்டு மொத்த வகுப்பும் சிரித்தது. உங்கள் மருமகள் எழுந்தாள். "எங்க அப்பாவைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது" என்று தொடங்கி, மூச்சு விடாமல், அவர்கள் இங்கிலீஷிலேயே பொரிந்து தள்ளிவிட்டாள். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணே தெரியவில்லை மச்சான், அவ்வளவு தண்ணீர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் திட்டு: "நீ வாசிச்சது நிஜமாவே சகிக்கலப்பா. இனிமே நீ ஸ்கூலுக்கு வராத, நான் பாத்துக்கிறேன்."