எலும்பு விதைத்த நாற்றங்கால்

மனித உடம்புக்குள் வைப்பதற்காக நான் செய்த முதல் பொருளை என் அப்பா வயலில் விதைத்துவிட்டார். இதில் அவர் மேல் தப்பே கிடையாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (அம்மா இதைப் படிப்பாள்.)

அப்போது நான் தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். உடைந்த எலும்பில் விழும் பள்ளத்தை நிரப்ப, சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை வில்லைகள் செய்துகொண்டிருந்தேன். வில்லை முழுக்க ஊசிமுனைத் துளைகள். எலும்பு வளர்ந்து அவற்றுக்குள் நுழைந்து, வில்லையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். உடம்பு இதை ஏற்குமா என்று பார்க்க முதல் சோதனை: ரத்தத்தில் இருக்கும் உப்புகளைக் கலந்த நீரில், உடம்புச் சூட்டில், வில்லைகள் நான்கு வாரம் ஊற வேண்டும். அது முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, ஆய்வுக் குழு வந்து அவற்றைப் பார்த்து, நான் ஆராய்ச்சியைத் தொடரலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு செய்யும்.

இருபத்தைந்தாம் நாள், வியாழக்கிழமை, காற்றும் மழையும் அடித்ததில் கல்லூரி ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. வில்லைகள் இருந்த சூட்டுப் பெட்டி அணைந்தது. சரிசெய்ய இரண்டு நாள் ஆகுமாம். (ஜெனரேட்டர் இருந்தது. அது முதல்வர் அறைக்கு மட்டும்.) என் வழிகாட்டிப் பேராசிரியை, “எங்கயாவது சூடா வெச்சுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. இரண்டாம் போகமான தாளடிக்கு அப்பா விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார். முளை விடும் நெல்லுக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். முப்பத்தேழு! எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறை. குப்பிக்கு இரண்டு வில்லையாக ஆறு குப்பிகளையும் நெல்லுக்குள் புதைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், மூட்டையைப் பிரித்துச் சூட்டைக் கெடுத்தேன் என்று திட்டுவார். எப்படியும் முளைகட்ட சனிக்கிழமை ஆகும், அதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். (விவசாயி வீட்டுப் பெண்ணின் கணிப்பு.)

வெள்ளிக்கிழமை மதியம் கல்லூரியிலிருந்து திரும்பினால், சாக்கு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

“வெத எங்கப்பா?”

“வெதச்சாச்சு. காலைலயே மொள வந்துருச்சு.”

“அதுக்குள்ள குப்பி இருந்துச்சே?”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “பாத்தேன் பாப்பா. வெத நேர்த்தி மருந்துதானே? ஆறையும் தொறந்து ஊத்திக் கலந்துட்டேன். இத்தன வருசம் படிச்சதுல இப்பத்தான் வயலுக்குன்னு ஒண்ணு கொண்டாந்துருக்கான்னு ஒங்கம்மாகிட்டகூட சொன்னேன்.”

நோய் வராமலிருக்க விதைநெல்லில் மருந்து கலப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். விதைமூட்டைக்குள் கல்லூரிச் சீட்டு ஒட்டிய குப்பி இருந்தால், பாவம், வேறு என்னவென்று நினைப்பார்?

“அது மருந்து இல்லப்பா. எலும்பு.”

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “யாரோடதுடி?”

அழுதுகொண்டே விளக்கினேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், நாற்றங்காலில் நின்ற தண்ணீரை வடியவிட்டார். சேறு தெரிந்தது. முளை மேல் கால் பட்டால் அந்த இடத்தில் நாற்று வராது. எட்டு வயதில் நாற்றங்காலில் ஓடி வாங்கிய அடி மறக்கவில்லை. வரப்பிலேயே நின்றேன்.

“எறங்கித் தேடு” என்றார் அப்பா.

“மிதிச்சா நாத்து போயிடும்ப்பா.”

“போனா பக்கத்துல கேட்டு வாங்கிக்கலாம். ஒன்னோட நாலு வாரத்த யாருகிட்டப் போயி கேக்குறது?”

மூன்று பேரும் இறங்கினோம். அம்மா நத்தை ஓடுகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் “இதுவா?” என்றாள். ஞாயிறு மாலைக்குள் ஐந்து வில்லைகள் கிடைத்தன. மற்ற ஏழும் இன்றுவரை அந்த வயலில்தான் இருக்கின்றன.

திங்கட்கிழமை குழுவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. குழுவில் மூத்தவர் ஒரு வில்லையை எடுத்து லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். அதன் துளைக்குள் ஒரு நெல்முளை வேரை நுழைத்திருந்தது.

“ஒடம்பு ஏத்துக்குமான்னு தெரியாதும்மா. நெல்லு ஏத்துக்கிருச்சு” என்றார்.

ஆராய்ச்சியைத் தொடரலாம், சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் மிதித்த இடமெல்லாம் நாற்றங்கால் சொட்டையாகிவிட்டது. பக்கத்து வயலில் கேட்டு வாங்கித்தான் அப்பா நட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் வரப்பில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு மணிக்கட்டு எலும்பு நொறுங்கியது. டாக்டர் ஒரு சின்னப் பொட்டலத்தைக் காட்டி, உள்ளே விழுந்த பள்ளத்தை இதை வைத்து நிரப்பப்போவதாகச் சொன்னார். அப்பா அதை உற்றுப் பார்த்தார்.

“ஏங்க, இது நாலு வாரம் முழுசா ஊறுனதுங்களா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“எம் பொண்ணு செஞ்சது இருவத்தாறு நாள்தான் ஊறுச்சு. அதுலயே எங்க நெல்லு வேர் விட்டுச்சு” என்றார் அப்பா. “இது எனக்குப் புடிச்சுக்கும். வைங்க.”

கட்டுப் பிரிக்கும்வரை, அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர்கூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கையைப் பார்த்துவிட்டு, “என்ன, மொள வந்துருச்சா?” என்றுதான் கேட்டார்கள்.