முதலாளிக்கு முளைத்த தாடி

தொழிலாளிக்கு உற்சாகம் ஊட்டும் கலையில் உலகத்துக்கே வழிகாட்டி எங்கள் இராஜபாளையம்தான். 1988-இல் எங்கள் நூற்பாலை அமைத்த 'உற்சாகக் குழு'வில் நானும் ஓர் உறுப்பினன் என்பதால், இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வரவழைத்துக் கூடினோம். பால்கோவா தீர்ந்ததும் தீர்மானம் நிறைவேறியது: 'தொழிலாளிக்குத் தேவை பாராட்டு.'

முதல் விருது, பஞ்சு பிரிக்கும் அறையில் வேலை பார்த்த செல்லக்கனிக்கு. சித்திரை வெயிலில் மேடையேற்றிக் கம்பளிச் சால்வை போர்த்தினோம். அவள் இருமினாள். 'ஆனந்த இருமல்' என்று குறித்துக்கொண்டோம்.

"சால்வை எதுக்குய்யா? எங்க ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கி. இப்பிடியே இருந்தா வேலையை விட்டுருன்னுட்டாரு டாக்டரு. வேலையை விட்டா எங்க வீட்டுல அடுப்பு எரியுமா?"

மேனேஜர் கண்ணுச்சாமி புன்னகைத்தார். "ஃபேன் எல்லாம் மெஷின் பிரிவும்மா. நாங்க மனசுப் பிரிவு."

செல்லக்கனி சற்று யோசித்தாள். "அப்பம், காலமான பெரிய முதலாளி படத்தையாவது எங்க ரூம்ல மாட்டுங்க. அவிய முகத்தைப் பாத்துக்கிட்டே வேலை பாக்கோம்."

மேனேஜர் கண் கலங்கினார். இதுவல்லவோ உற்சாகம்! ஏ.சி. அறையில் இருந்த படம் அன்றே மாலையும் கழுத்துமாக இடம் மாறியது. 'அவியளைத் தொட்டுத் துடைக்க எங்களுக்கு ஏது தகுதி?' என்று பெண்கள் ஒதுங்கியே நின்றார்கள். அந்தப் பணிவைக் கண்டு எங்களுக்குப் புல்லரித்தது.

ஆயுத பூஜைக்குச் சின்ன முதலாளி வந்தார். படத்தைக் கும்பிடக் கை தூக்கியவர் அப்படியே நின்றார்.

"எங்கப்பாவுக்கு ஏதுய்யா வெள்ளைத் தாடி?"

"பஞ்சுத் தூசிங்க," என்றார் மேனேஜர்.

"புருவத்துல?"

"அதுவும் பஞ்சுதாங்க."

"மூக்கையே காணோமேய்யா! மனுசன் இருக்கிற இடமா இது?"

"அதானே முதலாளி!" என்றாள் செல்லக்கனி, இருமலுக்கு நடுவே. "பாவம், அவிய எப்பிடித்தான் இருக்காவளோ!"

குழு அவசரமாகக் கூடியது, பால்கோவா இல்லாமலே. மாலைக்குள் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்கள் சுழன்றன. செல்லக்கனி ஆழமாக மூச்சிழுத்தாள். இருமல் வரவில்லை.

"ஏட்டி, எல்லாரும் வாங்கட்டி! பெரிய முதலாளி காத்து வாங்குதாரு, நாமளும் செத்த நேரம் வாங்கிக்கிடுவோம்."

ஆண்டறிக்கையில் இதை 'நிர்வாகத்தின் கருணை' என்று நானே எழுதினேன். எழுதும்போது அவ்வளவு பெருமை. இருக்காதா பின்னே? எங்கள் ஆலையில் மூச்சு விட முடியவில்லை என்பதை நிர்வாகம் நம்புவதற்கு, மூச்சே விடாத ஒருவரல்லவா வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது!