துரைசாணியின் ரோஜாக்கொடியில் எரிந்த நீல நெருப்பு

மின்சாரத்தை வைத்துப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. பல்பு எரிவதைப் பார்ப்பார்கள், ஃபியூஸ் போவதைப் பார்ப்பார்கள். நான் மின்சாரத்தையே பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டுப் பார்த்ததல்ல.

வெள்ளைக்காரர் காலம். குன்னூர் கடைவீதியில் ஒரு கடையில் வயரிங் வேலை பார்த்தேன். மலைக்குக் கரண்ட் வந்த புதிது என்பதால், கையில் குறடு வைத்திருந்தவனெல்லாம் இன்ஜினீயர். (நான் தொப்பியும் வைத்திருந்தேன்.)

ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே துரையின் மனைவியான துரைசாணி தோட்டத்து மூலையில் கண்ணாடி வீடு கட்டி ஆர்க்கிட் செடிகள் வளர்த்தார். குளிரில் அவை கருகாமலிருக்க உள்ளே மின்சார ஹீட்டர். அதற்குப் போகும் லைன்தான் தகராறு.

பட்லர் சுப்பண்ணன் பின்வாசலில் காத்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, இன்னைக்கு ராத்திரி உறைபனி விழுமுங்க. ஹீட்டர் எரியலைன்னா செடி பூராவும் போயிரும். அப்புறம் அம்மா மொகத்துல முழிக்க முடியாதுங்க."

"டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிர்றேனுங்க" என்றேன்.

நல்ல வெயில். வராந்தாவிலிருந்த பெட்டியில் புது ஃபியூஸ் கம்பி போட்டேன். ஹீட்டர் சிவந்தது. "லூஸ் கனெக்‌ஷன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீயைக் கையில் வாங்கினேன். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஃபியூஸ் போயிற்று.

"மஞ்சு வந்தா இப்பிடித்தானுங்க" என்றார் சுப்பண்ணன்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் போட்டேன், போயிற்று. விளக்குகளைக் கழற்றிவிட்டுப் போட்டேன், அப்போதும் போயிற்று. ஆகவே கோளாறு கண்ணாடி வீட்டுக்குள் இல்லை, அதுவரை மதிலோரமாகப் போகும் ஒயரில். அந்த மதில் முழுக்க ரோஜாக்கொடி. அதை விலக்கிப் பார்ப்பதுதான் முறை. முள்ளுக்குப் பயந்து நான் வேறு வழி கண்டேன்: கம்பியை மூன்றாக முறுக்கித் தடியாகப் போட்டால் ஃபியூஸ் எப்படிப் போகும்?

போகவில்லை. சுவிட்சைப் போட்டதும் மதிலிலிருந்து ஒரு சீறல் கேட்டது. பிறகு கொடிக்குள் நீல நெருப்பு பற்றியது. இலை ஒவ்வொன்றிலும் நரம்பு தெரிந்தது. பனித்துளி ஒவ்வொன்றும் தனித்தனி விளக்காயிற்று. மூடுபனி முழுதும் நீலமாகி, மூச்சு விடுவதுபோல் விம்மித் தணிந்தது. கொழுந்துக் கூடைகளோடு பாதையில் வந்த பெண்கள் அப்படியே நின்று கைகூப்பினார்கள். இத்தனை நாள் இதையா பையில் குறடோடு போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

பங்களாவின் மெயின் ஃபியூஸ் போய், அதுவாக அணைந்தது. வீடு முழுக்கக் கரண்ட் இல்லை.

துரைசாணி வெளியே வந்தார். என் வேலை அன்றோடு சரி என்று தொப்பியைக் கழற்றினேன். அவர் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி வருமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வராதுங்கம்மா."

கருகிய இடத்தில் கொடியை விலக்கினோம். ஒயரின் நடுவே ஓர் ஆணி இறங்கியிருந்தது. ஈரம் பட்டபோதெல்லாம் கரண்ட் அதன் வழியாகச் சுவருக்குள் ஒழுகியிருக்கிறது.

துரைசாணி குனிந்து பார்த்தார். "அது நம்ம ஆணி. கொடி கட்ட நானே அடிச்சது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கெட்ட துண்டை வெட்டி எறிந்து புது ஒயரும், மெயினுக்குப் புது ஃபியூஸும் போட்டேன். பொழுது சாய்வதற்குள் ஹீட்டர் சிவந்துவிட்டது. செடிகள் பிழைத்தன.

சுப்பண்ணன் வீட்டுக்குப் போய், "பையன் அத்தனை நெருப்புக்கு முன்னால அசையாம நின்னானுங்க" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் அவர் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். கால் வராமல்தான் நின்றேன் என்பது அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.

இப்போதும் பஸ் ஸ்டாண்டிலோ டாக்டரிடமோ நான் திகைத்து நின்றுவிட்டால், பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"அப்பிச்சி பயந்துக்கல கண்ணு. தைரியமா நிக்கறாரு."